பல் வலிதானே என்று விட்டுவிடாதீர்கள்!

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை அவருடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீக்கம். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். "பொன்னுக்கு வீங்கிதானே சார்? வேப்பிலை அரைச்சு பத்து போட்டேன், குறையவே இல்லை" என்றார் அம்மா.

தொட்டுப் பார்த்தேன். கட்டை மாதிரி கெட்டியாக இருந்தது. நாக்கு மேலே தூக்கி நின்றது. "கடைவாய்ப்பல் வலிச்சுதாப்பா?" என்றேன். தலையாட்டினார். மூன்று மாத வலி! இ.எஸ்.ஐ. கார்டு பர்ஸில் இருக்கிறது. ஆனால் லீவு போட மனமில்லாமல் மாத்திரையிலேயே ஓட்டியிருக்கிறார். நான் மருந்து எதுவும் தரவில்லை. உடனே 108-க்குப் போன் செய்தேன்.

பல்லுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கீழ்வரிசையின் கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களின் வேர், வாயின் தரைபோல் இருக்கும் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். சொத்தை வழியாகப் போன கிருமி வேர் நுனியில் சீழ் வைத்து, எலும்பை அரித்து வெளியே வந்தால் நேரே கழுத்துதான். அங்கிருந்து நாக்கின் அடி, தொண்டை ஓரம், சிலருக்கு நெஞ்சுக்குள்ளும்கூட இறங்கிவிடும். நாக்கு பின்னால் தள்ளப்பட்டால் மூச்சு அடைக்கும். சில மணி நேரத்தில் நிலைமை கைமீறலாம்.

1836-ல் ஜெர்மன் டாக்டர் லுட்விக் இதை விவரித்ததால் 'லுட்விக் ஆஞ்சைனா' என்று பெயர். நெஞ்சுவலி ஆஞ்சைனா வேறு, இது வேறு. ஆன்டிபயாடிக் மருந்துகள் வருவதற்கு முன்பு, வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும்.

'வலி தானாக நின்னுடுச்சு' என்று சந்தோஷப்படாதீர்கள். உள்ளே நரம்பு செத்திருக்கலாம். சீழ் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கிராம்புத் தைலம் நல்ல மருந்துதான், நானே தருகிறேன். அது வலியை மரக்க வைக்குமே தவிர சீழை வெளியேற்றாது. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: கழுத்து வீங்கிய பிறகு பற்று, ஒத்தடம் எல்லாம் நேரத்தை வீணாக்கும்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இன்னொரு சிக்கல். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்களில் பல்லில் பழுப்புக் கறை சகஜம். "எங்க ஊர்ப் பல்லே இப்படித்தான் சார்" என்று சொத்தையையும் கறையோடு சேர்த்துவிடுகிறார்கள்!

பல் வலியோடு தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, குழறும் பேச்சு... இவற்றில் ஒன்று வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரியானாலும் சரி. போகும்போது நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்தபடியே வரட்டும்.

அந்த இளைஞருக்கு மூச்சுக்குக் குழாய் வைத்து, தாடையடியில் கீறிச் சீழ் எடுத்து, பல்லையும் பிடுங்கினார்கள். பிழைத்துக்கொண்டார். லீவு மட்டும் மூன்று வாரம் போட வேண்டியதாயிற்று.