வீட்டுச் சாவி

போன மாதம் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு மரவேலைக்கு வந்த மேஸ்திரி, "அம்மா, அலமாரிய நகத்தினாதான் ஜன்னல்ல கை வைக்க முடியும். சாமான எடுத்துடலாம், சாவி குடுங்க" என்றார். அர்மாரியோ, ஜனேலா, ஷாவெ. மூன்றும் போர்த்துகீசியச் சொற்கள். மேஸ்திரியும் அங்கே 'மெஸ்த்ரெ'தான்.

எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பிரகாச மாதா கோயில். சுற்றிலும் மரங்கள் அடர்ந்திருந்த நாளில் காட்டுக் கோயில் என்ற பெயரும் அதற்கு உண்டு. கோயிலின் போர்த்துகீசியப் பெயரில் வரும் 'லூஸ்' என்றால் வெளிச்சம். லிஸ்பன்காரர் அதை 'லூஷ்' என்பார், சாவோ பாவ்லோக்காரர் 'லூஸ்' என்பார். நமக்கு லஸ்.

இந்தச் சொற்களில் என்னை வியக்க வைப்பது சாவி. 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமுக்கு வந்திறங்கியவர்கள் அதன் முதல் எழுத்தை 'பச்சை'யில் வரும் 'ச்ச' போல அழுத்திச் சொன்னார்கள். பிறகு லிஸ்பன் பக்கம் அது 'ஷ'வாகக் குழைந்து, அதுவே படித்தவர் பேச்சாகிவிட்டது. போர்த்துகலின் வடக்கு மலைக் கிராமங்களில் மட்டும் பழைய அழுத்தம் மிஞ்சியிருக்கிறது. நாமும் 'சாவி'யைத் தனியாகச் சொன்னால் மெல்லிய 'ஸா'தான் வருகிறது. 'வீட்டுச் சாவி' என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்! நம் சந்தி இலக்கணம் அந்தப் பழைய ஒலியை அப்படியே எழுப்பிவிடுகிறது.

ஆங்கிலேயர் ஆண்ட மதராஸிலும் போர்த்துகீசியம் இல்லாமல் காரியம் நடக்கவில்லை. இங்கே வரும் பாதிரிமார் ஓராண்டுக்குள் அதைக் கற்றாக வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் 1698 சாசனமே விதித்தது. கடற்கரைப் பட்டினங்களில் புழங்கியது உள்ளூர் மொழிகளோடு கலந்து இளகிய போர்த்துகீசியம். அதன் ஒரு வடிவத்தை மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் இன்னும் பேசுகிறார்கள். சென்னையில் பேச்சு போய்விட்டது, வீட்டுச் சாமான்களின் பெயர்கள் நின்றுவிட்டன.

அடையாறில் இருக்கும் என் யாழ்ப்பாணத்துத் தோழி, "குசினீக்க பாண் இருக்கு, எடுத்து மேசையில வையுங்கோ" என்பாள். ஒரு வாக்கியத்தில் மூன்று. அவளுக்கு ஜன்னல் யன்னல், அலமாரி அலுமாரி, செருப்புக்கடை ஷூ சப்பாத்து. ஆனால் சாவியை மட்டும் 'திறப்பு' என்று அழகான தமிழில் சொல்வாள்.

அன்னாசியின் கதை இன்னும் விசித்திரம். பிரேசில் பழங்குடியினரின் சொல்லை எடுத்து 'அனனாஸ்' என்று போர்த்துகீசியர் கப்பலேற்றினார்கள். பிரேசிலிலேயோ இன்று பரவலாக வழங்குவது 'அபகஷி' என்ற வேறொரு பழங்குடிச் சொல்.

பிறமொழிச் சொல் என்று இவற்றைக் களையச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்நூறு வருடம் நம் நாக்கில் தேய்ந்தவை, நம்முடையவைதான்.

சாயங்காலம் வேலை முடித்த மேஸ்திரி கதவருகே நின்று, "இந்தாங்கம்மா, வீட்டுச் சாவி" என்று நீட்டினார். அந்தச் 'ச்சா' தெளிவாகக் கேட்டது.