‘யூ’ என்பது யார்?

சரியாகப் பேச வராத மொழியில் மனசுக்குப் பிடித்தவரிடம் பேசுவது பற்றி நம்மிடையே ஒரு கற்பனாவாதம் உலவுகிறது. இலக்கணம் உடைகிற இடத்தில் உண்மை வெளிப்படும், தடுமாற்றமே நேர்மைக்குச் சாட்சி என்பார்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. தடுமாறுவது யார், யாருடைய மொழியில், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்காமல் இதைப் பேச முடியாது. இரண்டு ஐரோப்பியப் பிரதிகளை வைத்து விளக்கப் பார்க்கிறேன். பிறகு நம்ம ஊருக்கு வரலாம்.

தாமஸ் மன்னின் ‘மாய மலை’ 1924இல் வெளிவந்தது. தாவோஸில் ஒரு காசநோய் விடுதி. ஹான்ஸ் காஸ்டார்ப் என்ற ஜெர்மன் இளைஞன், க்ளாவ்தியா ஷோஷா என்ற ரஷ்யப் பெண்ணை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரு திருவிழா இரவில் பென்சில் கேட்கிற சாக்கில் அவளை ‘நீ’ என்று அழைத்துவிடுகிறான். (ஜெர்மனிலும் நம்மைப்போல நீ, நீங்கள் உண்டு.) பேச்சு பிரெஞ்சுக்கு மாறுகிறது. ஜெர்மன் மூலத்திலேயே அந்த உரையாடலின் பெரும்பகுதி பிரெஞ்சில்தான் இருக்கிறது. இருவருக்குமே அது தாய்மொழி அல்ல, அவனுக்கோ அரைகுறை. பிரெஞ்சில் பேசுவது பேசாமலே பேசுவது மாதிரி, அதில் பொறுப்பு இல்லை, கனவில் பேசுவதுபோல என்கிறான். பிறகு எலும்பு, மூட்டு, ரத்தக்குழாய் என்று ஓர் உடற்கூற்றுப் பாடமாகவே காதலைக் கொட்டித் தீர்க்கிறான். ஜெர்மனில் வாயைத் திறந்திருந்தால் ஹாம்பர்க் குடும்பமும் அதன் வர்க்க மரியாதையும் கூடவே வந்து நின்றிருக்கும். அந்நிய மொழி அவனுக்கு முகமூடி.

சரி, பொறுப்பில்லாமல் பேசுகிற இந்தச் சொகுசு எல்லாருக்கும் கிடைக்குமா?

ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ ஏறத்தாழ 1599இல் எழுதப்பட்டது. பிரெஞ்சு இளவரசி கேத்தரின் தன் தோழியிடம் ஆங்கிலம் கற்கும் காட்சியை ரசித்துச் சிரிப்பதே வழக்கம். கை, விரல், நகம், முழங்கை, கழுத்து. இங்கேயும் உடம்புதான் பாடம். ஆனால் இதற்கு முந்தின காட்சி எது? ஆர்ஃப்ளர் நகர வாசலில் நின்றுகொண்டு, சரணடையாவிட்டால் உங்கள் பெண்கள் என் சிப்பாய்களுக்கு இரையாவார்கள் என்று ஹென்றி மிரட்டும் காட்சி. நகரம் சரணடைகிறது, அடுத்த காட்சியில் அவள் ஆங்கிலம் படிக்கிறாள்.

கடைசி அங்கத்தில் அவன் உடைந்த பிரெஞ்சில் காதல் பேசித் தன்னையே கேலி செய்துகொள்கிறான். அவனுடைய தடுமாற்றம் விளையாட்டு. அலுத்தால் ஆங்கிலத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம். அவளுக்குத் திரும்ப இடமில்லை. சமாதானக் கோரிக்கைகளில் முதலாவதே அவள்தான். என் தகப்பனார் விருப்பம் எதுவோ அதுவே என்கிறாள். திருமணத்துக்கு முன் முத்தம் எங்கள் வழக்கமில்லை என்று அவள் மறுப்பதையும் அவன் புரிந்துகொள்கிறான். புரிந்துகொண்டே முத்தமிடுகிறான். (வரலாற்றிலும் 1420இல் ட்ருவா உடன்படிக்கைக்குப் பிறகே இந்தத் திருமணம் நடந்தது.) மொழி தெரியாததா இங்கே பிரச்சினை?

இப்போது நம்ம ஊர். ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று வீட்டுப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. அது மேடைத் தமிழ், சினிமாத் தமிழ். நாலு வார்த்தை ஆங்கிலம் கோர்க்கத் தெரியாதவரும் ‘ஐ லவ் யூ’ என்கிறார். ஆங்கில மோகம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தமிழில் வாயைத் திறக்கும்போதே நீயா நீங்களா, வாவா வாங்களா என்று முடிவெடுத்தாக வேண்டும். வயசு, உத்தியோகம், முறை, சாதி எல்லாம் அந்த விகுதியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நரைத்த தலையையும் ‘டேய்’ என்று கூப்பிட்டுப் பழகிய ஊர்கள் நம்முடையவை. ‘யூ’வில் இது எதுவும் தெரியாது. சேரிப் பையனும் ஊர்த்தெருப் பெண்ணும் அந்த ஒற்றை எழுத்துக்குள் கொஞ்ச நேரம் ஒண்டிக்கொள்ளலாம்.

கொஞ்ச நேரம்தான். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மீறித் திருமணம் செய்துகொண்ட சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். காஸ்டார்ப் சொன்ன பொறுப்பில்லாத பேச்சு இந்த மண்ணில் எந்த மொழியிலும் கிடையாது.

இதையெல்லாம் தாண்டிக் குடித்தனம் வைத்தவர்களிடமும் ஒன்றைக் கவனிக்கிறேன். சொன்னபோது இருவருக்கும் பொதுவாக இருந்த ‘யூ’, கல்யாணத்துக்கப்புறம் எத்தனையோ வீடுகளில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. “வாங்க, சாப்பிடலாம்” என்கிறாள் அவள். “நீ எடுத்து வை, வர்றேன்” என்கிறான் அவன்.