காலில் ரத்தக்குழாய் அடைப்பு: பலூனா, பைபாஸா? யாருக்கு எது?

ஜவ்வாது மலையில் மேடு ஏறும்போது அப்பாவுக்குக் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. ‘வயசாயிடுச்சு, அவ்வளவுதான்’ என்று விட்டுவிடாதீர்கள். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் கொழுப்பு படிந்து அடைத்திருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

எப்போது அவசரம்?

நடக்கும்போது மட்டும் வலி என்றால், புகையை நிறுத்துவது, மாத்திரை, தினசரி நடைப்பயிற்சி ஆகியவையே முதல் சிகிச்சை. படுத்திருக்கும்போதும் பாதம் வலித்தால், புண் இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டால், விரல் கறுத்தால் காலே போகும் ஆபத்து உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் போகலாம். கால் திடீரென ஜில்லிட்டு வெளுத்தால் சில மணி நேரம்தான் அவகாசம்.

பலூன் சிகிச்சை

பெரும்பாலும் தொடை இடுக்கில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பில் பலூனை விரிப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பார்கள். 1964-ல் காலை எடுக்க மறுத்த 82 வயது பெண்ணுக்கு, அமெரிக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் குழாய் செலுத்தி அடைப்பை விரித்ததுதான் இதன் தொடக்கம். பெரிய வெட்டு இல்லை. சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் மீண்டும் அடைக்கக்கூடும்.

பைபாஸ்

நோயாளியின் காலிலிருந்தே நல்ல சிரையை எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுப்பாதை போடுவார்கள். பெரிய அறுவை சிகிச்சை என்பதால் இதயமும் நுரையீரலும் தாங்க வேண்டும். தையல் ஆறவும் நாளாகும்.

எது மேல்?

கால் ஆபத்தில் இருந்தவர்களிடம் நடத்தப்பட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. 2022-ல் வெளியான ‘பெஸ்ட்-சிஎல்ஐ’ ஆய்வில், நல்ல சிரை உள்ளவர்களில் கால் இழப்பு, பெரிய மறுசிகிச்சை அல்லது மரணம் நேர்ந்தது பைபாஸில் 42.6%, பலூன் வழியில் 57.4%. ஆனால் 2023-ல் வந்த ‘பேசில்-2’ ஆய்வு, முழங்காலுக்குக் கீழ் அடைப்பு இருந்தவர்களைப் பார்த்தது. அதில் கால் இழப்போ மரணமோ நேர்ந்தது பைபாஸில் 63%, பலூன் வழியில் 53%.

ஆக, ‘எது நவீனம்?’ என்பது கேள்வியே இல்லை. அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம்? நல்ல சிரை இருக்கிறதா? உடல் அறுவை சிகிச்சையைத் தாங்குமா? இந்த மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். மலையில் இருப்பவர்கள் நான்காவதாக ஒன்றும் கேட்கணும்: ‘திரும்ப எத்தனை முறை வரணும்?’ ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கி, அங்கிருந்து வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போகிறவர்களுக்கு அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டாலே பெரும்பாலும் அடைப்பு தெரிந்துவிடும், 0.9-க்குக் கீழ் வந்தால் டாப்ளர் ஸ்கேன் தேவைப்படலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெற்றோரின் பாதத்தை ஒருமுறை பாருங்கள். புண் முற்றி விரல் அழுகிய பிறகு போனால், பலூனா பைபாஸா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாமல் போகலாம்.