கிணறு ஊற வேண்டாமா?

தேகப் பயிற்சியின் பெருமையை நம்மவர்களுக்கு இனி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சேலத்திலிருந்து நாமக்கல் வரையில் எந்த ஊர் மைதானத்துக்கு வேண்டுமானாலும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். காவலர் தேர்வுக்கு ஓடும் வாலிபர்கள், கபடி ஆடுகிறவர்கள், நீரிழிவு வியாதிக்குப் பயந்து நடக்கும் பெரியவர்கள் என்று ஒரே கூட்டமாயிருக்கும். சந்தோஷமான காட்சிதான். ஆனால் இவர்களில் ஒருவரை நிறுத்தி, "தாங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டால், நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். தூக்கத்துக்கும் தேக பலத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதே அந்தப் பார்வையின் அர்த்தம்.

நாமும் ஒரு காலத்தில் அப்படிப் பார்த்தவர்தாம். நமது வகுப்பில் ஒரு பையன் இருந்தான். 1500 மீட்டர் ஓட்டத்தில் கெட்டிக்காரன். போட்டி நெருங்க நெருங்க, காலையிலும் ஓட்டம், மாலையிலும் ஓட்டம். இரவு பத்து மணி வரையில் டியூஷன். மறுபடி நாலரை மணிக்கு மைதானம். ஒரு நாள் அவன் தயங்கித் தயங்கி வந்து, "முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்குதுங்க, ஸார். ரெண்டு நாள் விட்டு ஓடட்டுங்களா?" என்று கேட்டான். "சோம்பலுக்கு வலி ஒரு சாக்கா?" என்றோம். பையன் மறுபேச்சின்றி ஓடினான். போட்டி நடந்த தினத்தில் அவன் வீட்டில் படுத்திருந்தான். எலும்பில் மயிரிழை போல் விரிசல் கண்டிருப்பதாகவும், காலை ஊன்றவே கூடாதென்றும் வைத்தியர் சொல்லிவிட்டார்.

வெட்கத்துடன் அவன் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் இருந்த பாட்டனார் கோபித்துக் கொள்ளவில்லை. "வாத்தியாரய்யா, பகல் பூரா எறைச்ச கெணத்தை ராத்திரி ஊற உட வேண்டாமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நமது வட்டாரம் கற்பாறைப் பூமி. பாறை வெடிப்புகளின் வழியே கசிந்துதான் கிணற்றில் தண்ணீர் சேர வேண்டும். இறைக்க இறைக்க ஊறும் என்று பழமொழி சொன்னாலும், ஊறுவதற்கு அவகாசம் கொடுத்தால்தான் ஊறும் என்பது குடியானவருக்குத் தெரியும். பட்டதாரியான நமக்குத் தெரியவில்லை!

இன்றைய வைத்திய சாஸ்திரம் சொல்வதும் இதுவே. பயிற்சி செய்யும் நேரத்தில் நாம் பலம் பெறுவதில்லை, பலத்தைச் செலவழிக்கிறோம். கடும் பயிற்சியில் தசைநார்களில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. பின்னர் ஓய்ந்திருக்கையில்தான் சரீரம் அதைப் பழுது பார்த்து, முன்னைவிடச் சற்று உறுதியாக்குகிறது. தசைகளில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோனால், நன்றாகச் சாப்பிட்டாலும் அது நிரம்பச் சுமார் ஒரு நாள் பிடிக்கும். எலும்பின் சங்கதி இன்னும் நுட்பமானது. பாரம் கூடும்போது சரீரம் பழைய எலும்பை முதலில் அரித்து எடுத்துவிட்டு, அப்புறமே புதியதைக் கட்டுகிறது. வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுவது போலத்தான். இடித்த சமயத்தில் மேலும் பாரம் ஏற்றினால் விரிசல் காண்பதில் என்ன ஆச்சரியம்?

பழுது பார்க்கும் வேலைக்கு உதவும் வளர்ச்சிச் சுரப்பு ஆழ்ந்த நித்திரையில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். நமது மாணவன் தூங்கியதோ ஆறு மணி நேரத்துக்கும் குறைவு!

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் பெயரை உலகறியச் செய்த பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனை நேயர்கள் அறிவார்கள். 2020-ஆம் ஆண்டு ஐ.பி.எல். பந்தயத்தை முடித்துக்கொண்டு, வீடு திரும்பாமலே ஆஸ்திரேலியா சென்றார். வலைப்பயிற்சியில் பந்து வீசப் போனவர், அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடினார். ஊர் அவரை ரதத்தில் வைத்து வரவேற்றது. ஆனால் 2021 ஏப்ரல் மாதத்தில் முழங்காலில் சஸ்திர சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. புகழின் உச்சியில் நிற்கிறவனுக்கு மாதக் கணக்கில் காத்திருப்பதைவிடக் கடினமான பயிற்சி வேறென்ன உண்டு? அதையும் அவர் செய்தார். 2022-ஆம் ஆண்டு ஐ.பி.எல். பந்தயத்தில் 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

ஓய்வு என்றால் நாள் முழுவதும் பாயில் புரள்வதல்ல. வாரத்தில் ஒரு நாள் பயிற்சியை அறவே விடுவது, கடும் பயிற்சிக்கு மறுநாள் மெதுவாக நடப்பது, தூரத்தைத் திடீரென்று கூட்டாமலிருப்பது, இவ்வளவுதான். புதிய பயிற்சிக்குப் பின் இரண்டு மூன்று நாள் தசை வலிப்பது இயற்கை. ஆனால் எலும்பில் ஒரே இடத்தில் வலி ஊன்றி நின்று, ஓட ஓட அதிகரித்தால், அது சாக்கு அல்ல; எச்சரிக்கை. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நமது மாணவன் குணமடைந்து, மறு வருஷம் மறுபடியும் ஓடினான். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் ஓட்டத்தை முடித்துச் சிரித்துக்கொண்டு வந்தான். நமக்கு அதுவே பெரிய பரிசாயிருந்தது. நாலரை மணிக்குப் பிள்ளையைத் தட்டி எழுப்பும் பெற்றோர்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எழுப்புமுன், அவன் எத்தனை மணிக்குப் படுத்தான் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.