கோட்டைத் தாண்டிய பிறகு

வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகிறது வெளிவட்டச் சாலை. ஆறு வழி. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் லாரிகளைத் தவிர அதிகம் வண்டிகள் இல்லை. தாம்பரத்திலிருந்து புழலுக்குப் போகும் பைபாஸ், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை, ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். என்று சென்னையின் தென்புறத்துக்குக் கடந்த கால் நூற்றாண்டில் அருமையான சாலைகள் கிடைத்திருக்கின்றன. நள்ளிரவில் பையன்கள் ‘ரேஸ் விடுவதும்’ இவற்றில்தான். பைக்கில் மட்டும் இல்லை, ஆட்டோவிலும் நடக்கிறது. பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து ஒருவன் செல்போனில் படம் எடுக்கிறான். விடிவதற்குள் அது ரீல்ஸாக வந்துவிடுகிறது.

இதைப் பற்றி எழுதும் எல்லோரும் வேகத்தைத்தான் திட்டுகிறோம். ஆனால் வேகம் எடுப்பது இந்தப் பந்தயத்தில் பாதி வேலை. மீதிப் பாதி, எடுத்த வேகத்தை அடக்கி வண்டியை நிறுத்துவது. அதற்கு நம் சாலைகளில் இடமே கிடையாது.

இந்தத் தெருப் பந்தயத்தின் முறையான வடிவமான டிராக் ரேஸ் எளிய விளையாட்டு. இரண்டு வண்டிகள், நேரான பாதை, கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். விளக்கு பச்சையானதும் கிளம்பி, யார் முதலில் கோட்டைத் தொடுகிறார்களோ அவருக்கு வெற்றி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கத் தெருக்களில் இது பெருகியபோது, ‘ஹாட் ராட்’ பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பையன்களைத் தெருவிலிருந்து ஓடுபாதைக்கு அழைத்துப் போவதுதான் நோக்கம். கோட்டுக்கு அப்பால் வண்டி நிற்பதற்கென்று நீண்ட பாதை, வேகமான கார்களுக்குப் பின்னால் விரியும் பாராசூட், தீப்பிடிக்காத உடை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பெரும்பாலும் யாரோ ஒருவர் அடிபட்ட பிறகுதான் வந்தன. 1970-இல் கலிபோர்னியாவில் டான் கார்லிட்ஸ் ஓட்டிய காரின் டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. அதுவரை ஓட்டுநருக்கு முன்னால் இருந்த இன்ஜினை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே அந்த வடிவம் வெற்றி பெற்றது, மற்றவர்களும் மாறினார்கள்.

2008 ஜூனில் நியூஜெர்ஸியில் நடந்ததை இங்கே ரேஸ் விடும் ஒவ்வொருவனும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்காட் கலிட்டா அந்த விளையாட்டில் பட்டம் வென்ற அனுபவசாலி. தகுதிச் சுற்றில் அவர் காரின் இன்ஜின் வெடித்தது, பாராசூட்டுகள் சரியாக வேலை செய்யவில்லை. ஓடுபாதையின் கடைசி முனையையும் தாண்டிப் போய் மோதி இறந்தார். சில நாட்களிலேயே அதிவேகப் பிரிவுகளின் பந்தயத் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். எல்லாப் பாதுகாப்பும் உள்ள இடத்திலேயே, நிறுத்தும் தூரம் போதவில்லை என்று பந்தயத்தையே வெட்டிவிட்டார்கள்.

இப்போது தாம்பரம், வண்டலூர் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் எதிரே ஒருவரைப் பார்த்து, பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையில் ஏறத்தாழ 45 மீட்டர் ஆகும். 120-இல் போனால் இரட்டிப்பு என்று நினைப்போம். கிட்டத்தட்ட 130 மீட்டர் ஆகும். பார்த்ததும் கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 50 மீட்டர் கழிந்துவிடும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு, பின்னிரவிலும் பையும் குழந்தையுமாக ஜனங்கள் நடமாடும் இடம் அது. பெருங்களத்தூரிலும் கூடுவாஞ்சேரியிலும் கடைசி ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மாடு படுத்திருக்கும். விளக்குப் போடாமல் லாரி ஓரங்கட்டி நிற்கும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், 130 மீட்டரை 45 ஆக்காது. சைலன்ஸரையும் கண்ணாடியையும் கழற்றி மாற்றும் பையன்களில் எத்தனை பேர் டயரையும் பிரேக் பேடையும் பார்க்கிறார்கள் என்று பக்கத்து மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து வெகுதூரம் இல்லை இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்த ஓடுதளம் அங்கே இருக்கிறது. அதற்கு முன்பு சோழவரத்தில், உலகப் போர்க் கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தியதும் இதே கிளப்தான். இருங்காட்டுக்கோட்டையில் தேசிய டிராக் ரேஸ் போட்டிகள் நடக்கின்றன. பெங்களூருவின் ஹேமந்த் முத்தப்பா பலமுறை பட்டம் வென்றது இந்தத் தளத்தில்தான். வண்டியைச் சோதித்துப் பார்க்காமல் ஓட விடமாட்டார்கள். முழு ஹெல்மெட், தோல் உடை, கையுறை, பூட்ஸ் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் காத்து நிற்கும். எதிரே யாரும் வரமாட்டார்கள்.

அங்கேயும் சாவு நடந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2023 ஜனவரியில் கார் பந்தயத்தில் 59 வயது மூத்த வீரர் கே.இ. குமார் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். இரண்டும் டிராக் ரேஸ் அல்ல, சுற்றுப் பந்தயங்கள். அந்தச் சிறுவனின் வயதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆனால் இரண்டு முறையும் பந்தயத்தை நிறுத்தினார்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாலையில் விழுந்தவனைச் சுற்றி நிற்பவர்களுக்கு முதலில் வருவது போலீஸ் பயம். நண்பனை விட்டுவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு.

ஓட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். காயம்பட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரைப் பெயர் சொல்லும்படிக்கூட கட்டாயப்படுத்த முடியாது என்று மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பரில் இதே ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது.

தண்டனை இல்லாமல் இல்லை. அனுமதியில்லாமல் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுத்த அப்பாவுக்கு மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2022-இல் பைக் ரேஸ் வழக்கில் சிக்கிய ஓர் இளைஞருக்கு ஜாமீன் கொடுத்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஏ.டி. ஜெகதீஷ் சந்திரா, ஸ்டான்லி மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் ஒரு மாதம் உதவி செய்யச் சொன்னார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், பல லட்சம் பேர் பார்க்கும் ஒரு யூடியூபர் காஞ்சிபுரம் அருகே தாமலில் வீலிங் செய்து விழுந்தார். விலையுயர்ந்த பாதுகாப்பு உடை இருந்ததால் எலும்பு முறிவோடு தப்பினார். லைசென்ஸ் பத்தாண்டுக்குப் போனது. அவர் வீடியோவைப் பார்த்துப் பழகும் பள்ளிக்கூடப் பையன் டி-ஷர்ட்டும் செருப்பும்தான் போட்டிருக்கிறான்.

2022 ஜனவரியில் தாம்பரத்துக்கென்று தனி காவல் ஆணையரகம் வந்தது. போலீஸ் பேரிகேட் போடுகிற இரவில் ரேஸ் வேறு சாலைக்குப் போகிறது. மெரினாவில் கெடுபிடி என்றால் ஈ.சி.ஆர்., அங்கேயும் என்றால் வெளிவட்டச் சாலை. துரத்துவதைத் தவிர வேறு வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் பல ஓடுபாதைகளில் வாரத்தில் ஓர் இரவு யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்த வண்டியைக் கொண்டுவரலாம். போலீஸ்காரர்களே பையன்களோடு பந்தயம் ஓடும் நிகழ்ச்சிகளும் உண்டு. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி சாலையை அடைத்து, தடுப்பு கட்டி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடத்திய நகரம் இது. அதற்குக் கிடைத்த பணத்திலும் ஆள்பலத்திலும் சிறு பங்கு போதும், இருங்காட்டுக்கோட்டையில் மாதம் ஓர் இரவு இந்தப் பையன்களுக்குத் திறந்துவிடலாம். வாசலில் லைசென்ஸையும் டயரையும் பார்க்கட்டும், ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் வாடகைக்குக் கொடுக்கட்டும். நேரத்தை மின்னணுப் பலகையில் காட்டட்டும்; ரீல்ஸ் எடுப்பவனுக்கும் அதுதானே வேண்டும். தாம்பரம் காவல் ஆணையரகமும் கிளப்பும் உட்கார்ந்து பேசினால் அடுத்த புத்தாண்டு இரவுக்கு முன்பே இதைத் தொடங்கிவிட முடியும்.