25 அணுத் தங்கம் சிவப்பாக ஒளி விடுகிறது!
பாதரசம் பட்டால் மங்கி விடும்

தங்கத்தை எவ்வளவு பொடியாக நறுக்கினாலும் அது தங்கம்தான் என்று நினைக்கிறோம். நகைப்பட்டறையில் தரைத் தூசியைக்கூடக் கூட்டி அள்ளி உருக்குகிறார்கள். ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே போனால் கதையே வேறு.

ஒரு சவரனில் உள்ள அணுக்களை எழுத, 24-க்குப் பின்னால் 21 பூஜ்யம் போட வேண்டும். அத்தனை அணுக்கள் நெருங்கி நிற்கும்போது எலெக்ட்ரான்கள் தாராளமாக ஓடுகின்றன. மின்சாரம் பாய்வது அதனால்தான். வெறும் 25 அணுக்கள் சேர்ந்த துணுக்கில் அந்த ஓட்டம் கிடையாது. எலெக்ட்ரான், மாடிப்படி போல, படிக்குப் படி தாவ வேண்டும். நடுவே நிற்க இடம் இல்லை. துணுக்கு உலோகக் குணத்தை இழந்து விடுகிறது.

மந்திர எண்கள்

1984-ல் அமெரிக்காவில் பெர்க்லி விஞ்ஞானிகள் சோடியத்தை ஆவியாக்கினார்கள். 8, 20, 40, 58 அணுக்கள் கொண்ட துணுக்குகளே அதிகமாகத் திரண்டன. அந்த எண்ணிக்கையில் எலெக்ட்ரான்கள் படிகளை முழுதாக நிரப்பி விடுகின்றன. "மந்திர எண்கள்" என்று பெயர். மந்திரம் ஒன்றும் இல்லை.

உடம்புச் சூடு போதும்

ராஜதிராவகத்தில் தங்கம் கரையும் என்பது மும்பை ஜவேரி பஜாரில் பொன் சுத்தம் செய்கிறவர்களுக்குத் தெரியும். அப்படிக் கிடைக்கும் தங்க உப்புதான் இதற்கும் மூலப்பொருள். 2009-ல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் அதில் மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தைக் கலந்தார்கள். சிறிது காஸ்டிக் சோடா சேர்த்து 37 டிகிரி சூட்டில், அதாவது நம் உடம்புச் சூட்டில், ஓர் இரவு வைத்தார்கள். புரதமே தங்கத்தைத் துணுக்குகளாக்கி, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் சுற்றி மூடிக்கொண்டது. ஒரு துணுக்கில் 25 அணுக்கள்.

பார்க்கப் பழுப்புத் தண்ணீர். கள்ள நோட்டு பார்க்கும் விளக்கைப் போன்ற புற ஊதா விளக்கைக் காட்டினால், சிவப்பாக ஒளி விடுகிறது! மேல் படிக்கு ஏறிய எலெக்ட்ரான் இறங்கும்போது விடும் ஒளி அது. சவரன் தங்கத்தில் இதைப் பார்க்க முடியாது.

விஷத்துக்குச் சோதனை

பாதரசம் நரம்பைக் கெடுக்கும் விஷம். குடிநீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. அந்தச் சொற்ப அளவில் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. ஆனால் பாதரச உப்பு கலந்தால் இந்தத் துணுக்கின் ஒளி மங்கி விடுகிறது. துணுக்கின் மேற்புறத் தங்க அணுக்களைப் பாதரசம் பற்றிக்கொள்வதே காரணம். 2010-ல் அதே விஞ்ஞானிகள் இதைக் காகிதத் துண்டில் ஏற்றி, தண்ணீரைச் சோதிக்கும் முறையையும் செய்து காட்டினார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழுவினரும் தங்கம், வெள்ளித் துணுக்குகளை ஆராய்ந்து வருகிறார்கள்.