கல்வி இலவசம், தங்குமிடமோ?

1945 ஆம் ஆண்டில் இந்நாட்டில் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. அதற்கு அயராது உழைத்தவர் ஸீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பல்கலைக்கழகம், மாணவர் அங்கேயே தங்கிக் கற்க வேண்டும் என்னும் நோக்குடன் அமைந்தது. இன்று மாணவர் தொகை பன்மடங்காகிவிட்டது. விடுதியில் எல்லோருக்கும் எல்லா ஆண்டும் இடமில்லை.

தேயிலைத் தோட்டத்து லயன் வீடொன்றிற்கு அனுமதிக் கடிதம் வருகின்றது. கட்டணம் இல்லை. ஆயினும், "பெண்பிள்ளை எங்கே தங்குவாள்?" என்று தாய் கலங்குகின்றாள். மகனென்றால் எங்கேனும் தங்கிக்கொள்வான் என்பர். மகளின் படிப்போ இக்கேள்வியோடு நின்றுவிடுவதும் உண்டு.

வழி இல்லாமலில்லை. ஐந்து மாணவியர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, முறை வைத்துச் சமைத்தால், ஒருத்தியின் பங்கு ஐந்திலொன்றே. மூத்த மாணவி ஒருத்தி உடனிருந்தால் பெற்றோர் மனமும் ஆறும். 1981 இல் தொடங்கிய மகாபொல உதவிப் பணம் பெறுவோர்க்கு மாத வாடகைச் சுமை ஓரளவு குறையும். தடையாய் நிற்பது, வீட்டுக்காரர் ஒரேயடியாகக் கேட்கும் முற்பணமே. அதனை ஊர்ச் சங்கமோ, பழைய மாணவியர் சங்கமோ வட்டியின்றிக் கொடுக்கலாம். மாணவியர் சிறுகச் சிறுகத் திருப்பிச் செலுத்துவர்; அதே பணம் அடுத்த ஐவருக்கும் உதவும்.

வாசக அன்பர்களே! உங்கள் சங்கத்தின் நிதியில் உறங்கும் பணம் இவ்வாறு விழித்தெழலாமன்றோ?